சுவரில் ஏற்றிய கடல்

எங்கள் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்காலியின் மேல் தண்ணீர் கேன், கேனுக்கு என் நீலக்கட்டம் போட்ட சட்டை, கேனின் கழுத்தில் ஒரு கிரிக்கெட் தொப்பி. பால் பாக்கெட் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருய்யா உள்ள, விருந்தாளியா? ஒரு டீ போட்டுக் குடுத்தியா அவருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். இரண்டு நாளில் என்னிடம் நேருக்கு நேர் பேசிய முதல் ஆள் அந்த அக்காதான் என்பது கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அந்த நாற்காலிதான் என் நடிகர். நான் கற்றுக்கொண்டிருந்த வேலைக்குக் கேமரா முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். என் வீட்டில் நிற்பதற்கு ஆள் கிடையாது. என் மனைவி வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணமாகி மூன்றாவது மாதம் போனவள், ஆறு வருடமாக அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், வருடத்துக்கு முப்பது நாள் விடுமுறை. குழந்தை இல்லையா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

நான் தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். திருமண மண்டபங்களும் கோயில்களும் மாதா கோயில்களும் என் பிழைப்பு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் உப்பளத்தில் நிற்க வைத்து, டிரோனைப் பறக்கவிட்டு, பனிமலையில் நிற்பதுபோல மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப் பின்னணியை மாற்றிக் கொடுத்துக் கொடுத்துத்தான் விர்ச்சுவல் புரொடக்‌ஷன் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். முன்பெல்லாம் நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணியைக் கட்டி எடுத்து, பிறகு துணியை நீக்கிவிட்டுக் காட்டையோ மலையையோ ஒட்டுவார்கள். இதில் துணி கிடையாது. பெரிய எல்.இ.டி. சுவர். கணினியில் செய்த காடோ கடலோ அந்தச் சுவரில் ஓடும். கேமராவின் தலையில் ஒரு டிராக்கர் இருக்கும். கேமரா ஓர் அடி நகர்ந்தால் அது கணினிக்குச் சொல்லும், கணினி சுவரில் உள்ள காட்சியை அதற்கேற்ப நகர்த்தும். பக்கத்து மரம் விறுவிறுவென்று நகரும், தூரத்து மலை மெதுவாக நகரும். கேமராவின் கண்ணுக்கு அது சுவராகவே தெரியாது, ஊராகத் தெரியும். வேறு இடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் கோணலாக இருக்கும். இன்னொரு விஷயம், எடுத்தது எடுத்ததுதான். ஆளும் பின்னணியும் ஒரே படத்தில் ஒட்டிப் பிறந்துவிடுவதால் பிறகு மாற்ற முடியாது.

சென்னையில் இப்படி ஒரு தளம் வைத்திருக்கும் ஸ்டுடியோ, இணையம் வழியாக வகுப்பு நடத்தியது. வகுப்பு முடிவில் ஒரு தேர்வு. அதில் இரண்டு பேரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் என் மனைவியிடம் சொன்னேன். அவள் போனிலேயே, “அந்த வேலை கெடச்சா நான் இங்க கையெழுத்துப் போட மாட்டேன். சென்னையில எந்த ஆஸ்பத்திரியிலயும் எனக்கு வேல உண்டு” என்றாள். அவளுடைய ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. எனக்கு வேலை கிடைத்தால் இருவரும் சென்னையில் ஒரு வீடு. கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவள் அங்கே, நான் இங்கே. இதைத் தவிர அந்த வகுப்பில் சேர எனக்கு வேறு காரணம் இல்லை.

வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. முப்பது பேர் இருந்தோம். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. எல்லாரும் கேமராவை அணைத்து வைத்திருப்பார்கள். கறுப்புக் கட்டங்களில் ஒவ்வோர் எழுத்து மட்டும் இருக்கும். பாடம் நடத்திய மேடம் மட்டும்தான் முகத்தோடு வருவார். படம்பிடிக்கிற கலையைப் படிக்க வந்த முப்பது பேரும் முகத்தை மறைத்துக்கொண்டது எனக்கு முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அதற்கும் பிறகு நானும் அணைத்துவிட்டேன்.

மேடம் நல்ல ஆசிரியர். ஆனால் அவர் சொல்கிற ஒவ்வொன்றையும் செய்து பார்க்க குறைந்தது மூன்று பேர் வேண்டும். கேமராவைப் பிடிக்க ஒருவர், கணினியில் உட்கார ஒருவர், சுவருக்கு முன்னால் நிற்க ஒருவர். நான் ஒருவனே மூன்றும். டி.வி.தான் என் சுவர். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் நாலு அடி நடப்பேன், டி.வி.யில் உள்ள பனைமரம் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கணினிக்கு ஓடி எண்ணை மாற்றிவிட்டுத் திரும்ப வந்து தோளில் தூக்குவேன். இப்போது மரம் நகராமல் விறைத்து நிற்கும். நாற்காலிக்காரர் மட்டும் எதற்கும் அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார். “ஏலே, நீயாவது ஏதாவது சொல்லேம்லே” என்று அவரிடம் கத்தியிருக்கிறேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும், அது பிறவிக் குணம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் மரம் சரியாக நகர்ந்தது. நான் நடந்தேன், முன்னால் இருந்த பனை என் நடைக்கு ஏற்ப நகர்ந்தது, பின்னால் இருந்த வானம் நின்ற இடத்தில் நின்றது. டி.வி. மறைந்து அங்கே செம்மணல் மேடும் பனையுமாக ஒரு தேரிக்காடு திறந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். மனைவிக்கு அடித்தேன், அவள் டியூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று வாசல்வரைக்கும் போனேன். காட்டினால் என்ன தெரியும், டி.வி.யில் ஒரு பனைமரம் தெரியும். திரும்பி வந்து ஒரு சாயா போட்டுக் குடித்தேன்.

தேர்வு இதுதான். கடற்கரையில் ஒரு பெண் யாருக்காகவோ காத்து நிற்கிறாள். ஒரு நிமிடம். கேமரா நகர வேண்டும். பின்னணியை மாணவரே கணினியில் செய்ய வேண்டும். நிஜமான எல்.இ.டி. சுவருக்கு முன்னால் நிஜமான ஆளை நிறுத்தி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஒரு புள்ளியையும் தொடக் கூடாது. வகுப்பில் இருந்த பாதிப் பேர் அன்றைக்கே கழன்றுகொண்டார்கள், சுவருக்கு எங்கே போவது என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடலாம். தூத்துக்குடிக்காரனிடம் கடலைக் கேட்கிறார்கள்.

ஒன்றரை மாதம் அந்தக் கடலைச் செய்தேன். தினமும் காலையில் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்தேன். விடிகிற நேரத்தில் தண்ணீர் ஈய நிறத்தில் இருக்கும், வெயில் ஏற ஏறப் பச்சை படரும். தூரத்தில் துறைமுகத்துக்கு இடம் கிடைக்காமல் காத்து நிற்கும் கப்பல்களை வைத்தேன். கிரேன்களை வைத்தேன். ஒரு தோணியை நங்கூரம் போட்டு நிறுத்தினேன். காற்றுக்கும் நீரின் ஏற்ற இறக்கத்துக்கும் மென்பொருளில் தனித்தனி அளவுகள் உண்டு. கரையில் நின்று பார்த்துப் பார்த்து, உள்ளது உள்ளபடி வைத்தேன். கரையில் தண்ணீர் வந்து மணலை நனைத்துவிட்டுப் போகும் அந்தச் சின்ன ஓசைகூட என் கணினியில் இருந்தது. அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

சுவர் எனக்கு எளிதாகக் கிடைத்தது. அரசியல் கூட்டம், கோயில் கொடை, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். திருவிழாவும் இருக்காது. எனக்கும் வேலை இல்லை, அவர் திரைகளுக்கும் வேலை இல்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் அவருடைய குடோனில் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தன. “ஈஸ்டர் வரைக்கும் நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. ஈஸ்டர் கழிஞ்ச மறுநாள் எனக்கு லாரி ஏறணும்” என்றார். அந்தத் தபசு காலத்தில்தான் என் மனைவிக்கும் விடுமுறை. கரையில் காத்து நிற்கும் பெண்ணாக அவளையே நிறுத்திவிடலாம், எல்லாம் கூடி வந்ததாக நான் நினைத்தேன்.

அவள் ஊர் குமரிக்கு மேற்கே. அங்கே கடல் கரையை அடிக்கிற சத்தத்தில் வீட்டுக்குள் பேச்சைக் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும். அவளும் அப்படித்தான் பேசுவாள். கல்யாணமாகி முதல் வாரம் எங்கள் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். நின்று பார்த்துவிட்டு, “இது என்ன, கொளமா?” என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் கடலுக்கு முன்னால் தீவுகள் வரிசையாக மறித்து நிற்கின்றன, பவளப்பாறை வேறு, அலை கரைக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடும் என்று விளக்கினேன். “கொளம்னு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சிருவிய?” என்றாள். ஆறு வருடமாக அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. போனில் சண்டை முற்றினால், “போங்க, ஒங்க கொளத்துல போயி விழுங்க” என்பாள்.

வந்து இறங்கிய மறுநாளே, “வாங்க, ஒரு நடை அந்தக் கொளத்தப் பாத்துட்டு வருவோம்” என்றாள். “சூட்டிங் முடியட்டுமே, பெறவு தெனமும் போலாம்” என்றேன். சரி என்றாள். பயணக் களைப்போடு வந்தவள், நாற்காலியில் இருந்த என் சட்டையைக் கழற்றி, துவைத்துக் காயப்போட்டாள். “இவரு ஒரு வருசமா குளிக்கலியோ?” என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்த சத்தம் கேட்டது. அவள் குளியலறையில் பாடுவதையும் பாத்திரம் உருட்டுவதையும் கேட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவளோடு சமையலறையில் நின்றிருக்கலாம். போகவில்லை.

பிறகு இருபது நாள் குடோன்தான். தகரக் கூரை. வெளிச்சம் வரக் கூடாதென்று ஷட்டரைப் போட்டுவிடுவோம். பங்குனி வெயில் மேலே, சுவரின் சூடு முன்னால். அண்ணாச்சியின் திரைகள் மைதானத்தில் தூரத்திலிருந்து பார்ப்பதற்கானவை. கிட்டத்தில் வைத்துக் கேமராவில் பார்த்தால் சேலைக்கரை மாதிரி கோடு கோடாக நெளியும். ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால்தான் கோடு மறையும், எத்தனை அடி என்று அளந்து அளந்து ஒரு வாரம் போயிற்று. கோடு போனால் கறுப்புப் பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். கேமராவும் சுவரும் ஒரே தாளத்தில் துடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு ஒரு வாரம். உப்புக் காற்றில் திரைகளை இணைக்கும் பின்கள் துருப்பிடித்து, திரையில் ஒரு கட்டம் மட்டும் திடீரென்று பச்சையாகிவிடும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன்.

அவள் தினமும் என்னோடு வந்தாள். வீட்டில் இரு என்றால், “வீட்டுல இருக்கதுக்கா பிளைட் ஏறி வந்தேன்?” என்பாள். தூக்குச்சட்டியில் சோறும் சீலா மீன் குழம்பும் கொண்டுவந்து, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிடும்போதும் கண் மானிட்டரில் இருக்கும். ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் வார்டில் ஒரு வயதான நோயாளி தினமும் இவள் கையால்தான் மாத்திரை வாங்குவேன் என்று அடம்பிடித்த கதையை மூன்று தடவை ஆரம்பித்தாள். மூன்று தடவையும் நான் நடுவில், “இங்கன பாரு, பட்டை தெரியுதா?” என்று கேட்டேன். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் திரும்பிப் போவதற்கு மூன்று நாள் முன்னால் எல்லாம் சரியாயிற்று. கோடு இல்லை, பட்டை இல்லை. சுவரில் கடலை ஏற்றினேன். இருட்டுக் குடோனுக்குள் விடிந்துவிட்டது. அண்ணாச்சியே பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். “ஏலே, நம்ம பீச்சுல்லா இது! கிரேன்கூட அப்படியே இருக்கு!” என்றார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் பார்த்து ஒத்துக்கொண்டுவிட்டார், எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மனைவி சுவருக்கு முன்னால் மணல் பரப்பிய இடத்தில் போய் நின்று, சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அலை எங்க?” என்றாள்.

“ஆரம்பிச்சுட்டியா?”

“வெளையாட்டுக்குச் சொல்லல. பாக்கவங்களுக்கு இது கடலுன்னு தெரியணும்லா? கொஞ்சம் அலையக் கூட்டி வைங்களேன். சென்னைக்காரங்க அலையடிக்கிற கடலத்தான் பாத்திருப்பாங்க.”

“எங்க ஊருக் கடல் இப்படித்தான் இருக்கும். ஒன்றரை மாசம் கரையில நின்னு அளந்து வச்சிருக்கேன். ஒனக்குத் தெரியாத வேலையில வாய வைக்காத.”

அண்ணாச்சி வெளியே போய்விட்டார். அவள் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. “சரி. எங்க நிக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். அலையைக் கூட்ட இரண்டு நிமிடம் ஆகாது. ஓர் எண்ணை மாற்றினால் போதும். எனக்கு வீம்பு.

குடோன் தூண் ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டி, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். காத்திருக்கிற பெண் தூரத்தில் பார்க்க வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவளை அரைவட்டமாகச் சுற்றி நடந்தேன். என் கண் மானிட்டரில். கப்பல் சரியாக நகர்கிறதா, தரையில் பரப்பிய மணலும் சுவரில் உள்ள மணலும் ஒன்றாகச் சேர்கிறதா, பட்டை வருகிறதா. எல்லாம் சரியாக இருந்தது. அவள் பார்வை மட்டும் டேப்பில் நிற்கவில்லை.

“என்னப் பாக்காத. டேப்பப் பாரு.”

“சரி.”

மறுபடி நடந்தேன். மறுபடி பார்வை நழுவியது.

“ஏளா, எத்தனை தடவ சொல்லுதேன்? நீ என்னப் பாத்தா எல்லாம் வீணு.”

“சரிங்க, இந்தத் தடவ பாக்கல.”

பத்து டேக் வீணாகப் போனது. வியர்வை கண்ணில் இறங்குகிறது, நான் கத்துகிறேன். பதினொன்றாவது டேக்கில் அவள் அசையாமல் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போன பெண் அப்படித்தான் நிற்பாள் என்று எனக்குத் தோன்றியது. “ஓகே! இதுதான்!” என்று கத்தினேன். அண்ணாச்சி ஓடி வந்து கை கொடுத்தார். அவள் மணலிலிருந்து இறங்கி, காலைத் தட்டிவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் பெட்டி கட்டுவதிலும், சொந்தக்காரர் வீடுகளிலும் போய்விட்டன. திருவனந்தபுரத்துக்குக் காரில் போகும்போது, “கடைசிவரைக்கும் அந்தக் கொளத்துக்குக் கூட்டிட்டுப் போகல நீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “வேலை கெடைக்கட்டும், மெரினாவுல தெனமும் நிக்கலாம்” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விமான நிலையத்து வாசலில், “பதில் வந்ததும் ஒடனே சொல்லுங்க. சித்திரைக் கடைசிவரைக்கும் நான் கையெழுத்துப் போடாம வச்சிருப்பேன்” என்றாள்.

ஈஸ்டர் கழிந்த மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டார். குடோன் காலியாகியிருந்தது. திரைகள் லாரி ஏறி எந்த ஊர்த் திருவிழாவுக்கோ போய்விட்டன.

“சார், டிராக்கிங் பிரமாதம். இவ்ளோ சின்ன செட்டப்ல இப்படிப் பண்ணுவாங்கன்னு யாரும் நினைக்கல. லைட் அந்தப் பொண்ணு முகத்துல விழுற விதம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு பிரச்சனைதான். நாங்க கேட்டது கடல். நீங்க ஏரி பண்ணிருக்கீங்க.”

“கடல்தான் மேடம். தூத்துக்குடிக் கடல்.”

“இருக்கலாம் சார். பார்த்த ஆறு பேரும் ஏரின்னுதான் சொன்னாங்க. ஒரு ஷாட்டைப் பார்த்ததும் இது என்ன இடம்னு புரியணும், அதுதானே இந்த வேலை? அலையை ஏத்தி மறுபடி ஷூட் பண்ணி அனுப்புங்க. பத்து நாள் டைம் வாங்கித் தரேன்.”

அவரும் எனக்காகத்தான் பேசினார், அது தெரிந்தது. நன்றி சொல்லி வைத்தேன். பிறகு முன்னறையில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அலை எங்க என்று அவள் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆறு வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், அன்றைக்குச் சிரிக்காமலும் சொன்னாள். பிறந்ததிலிருந்து அலையில்லாத கடலையே பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அங்கே குறையாக எதுவும் தெரியவில்லை. தெரிந்தவள் சொன்னபோது வாயை மூடு என்றேன்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “வைகாசிவரைக்கும் ஒரு பெட்டிகூடக் கையில கெடையாது தம்பி. பூராவும் புக்காயிட்டு” என்றார். திருநெல்வேலியிலும் மதுரையிலும் கேட்டேன். எல்லா ஊரிலும் திருவிழா. ஆள்கூட யாரையாவது கெஞ்சிப் பிடித்திருப்பேன், சுவருக்கு வழியில்லை. பச்சைத் துணியில் எடுத்திருந்தால் அவளை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் உள்ள கடலை மட்டும் மாற்றியிருக்கலாம். இதில் அவள் தலைமுடியின் ஓரத்தில், கன்னத்தில், கண்ணின் ஈரத்தில் எல்லாம் அந்த அலையில்லாத கடலின் வெளிச்சம் ஏறியிருந்தது. பிரித்தெடுக்க வழியே இல்லை. தொடக் கூடாது என்பது விதி என்று தெரிந்தும் நாலு நாள் பிரித்துப் பார்த்தேன். முடியின் ஓரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. விட்டுவிட்டேன்.

பத்து நாள் முடிந்த அன்று மதியம் அவளைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். “நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல. என்னய மன்னிச்சுரு” என்றேன். அவள், “நான்தான் சொன்னேன்லா” என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அந்த வீடியோவ எனக்கு அனுப்பி வைங்க” என்றாள்.

“எதுக்கு? அதான் தோத்துப்போச்சே.”

“இருக்கட்டும். இந்தத் தடவ ஊருக்கு வந்து நான் பாத்த கடல் அது ஒண்ணுதான்.”

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “டியூட்டிக்கு நேரமாச்சு. சாயங்காலம் மேட்ரன்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துருதேன். ரெண்டு வருசம்தானே, ஓடிரும். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கல்யாண சீசன் தொடங்கியது. மூன்று நாளில் நாலு கல்யாணம். கணினியில் இடம் பற்றவில்லை. வீணாய்ப்போன பத்து டேக்கையும் அழித்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. முதல் டேக்கை ஓட்டினேன்.

கப்பல் சரியாக நகர்கிறதா என்று பார்க்க இனிமேல் ஒன்றுமில்லை. அதனால் அவளைப் பார்த்தேன். அவள் லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மானிட்டருக்குள் குனிந்திருந்த என் தலை அங்கேதான் இருந்திருக்கும். நான் நடந்த பக்கமெல்லாம் அவள் கண்ணும் வந்தது. அப்படியொரு பார்வையை நான் எடுத்த எந்தக் கல்யாணத்திலும் எந்தப் பெண்ணின் முகத்திலும் பார்த்ததில்லை. இரண்டாவதை ஓட்டினேன், மூன்றாவதை ஓட்டினேன். இடையில் என் குரல், என்னப் பாக்காத என்று. சரி என்பாள், இரண்டு நொடி டேப்பைப் பார்ப்பாள், கண் திரும்ப என்னிடம் வந்துவிடும். வருடத்துக்கு முப்பது நாள்தான் பார்க்கக் கிடைக்கிறது, அதில் இருபத்தேழு போய்விட்டது. ஒரு தடவையாவது நான் நிமிர்ந்திருக்கலாம்.

பத்து டேக்கிலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாவதில் மட்டும் பார்க்கவில்லை. அதைத்தான் சரியாக வந்தது என்று நான் சென்னைக்கு அனுப்பியிருந்தேன்.